மூடிய பொதியும் திறவாத மரபணுவும்: ஹீமோகுளோபின் வழி ஒரு விளக்கம்

முன்னுரை

பீட்டா தாலசீமியா எனும் குருதி நோயின் கடுமையான வடிவத்தோடு பிறக்கும் குழந்தை, பிறந்த அன்று பிற குழந்தைகளைப் போலவே நலமாகக் காணப்படும். முதல் சில மாதங்களிலும் குறை எதுவும் வெளிப்படாது. ஏறத்தாழ ஆறு மாதத்திற்குப் பின்னரே அது வெளிறத் தொடங்கும். பால் அருந்தச் சோம்பும். மண்ணீரல் வீங்கி வயிறு பருக்கும். அதன் பின்னர் சில வாரங்களுக்கு ஒருமுறை குருதியேற்றமும், அதனால் உடலில் தேங்கும் இரும்பை அகற்றும் மருந்தும் தொடர்ந்து தேவைப்படும். மலேசியாவில் இந்நோய் அறியப்படாத ஒன்றன்று. சபா மாநிலத்தில் நோயாளிகள் மிகுதி. படிவம் நான்கு மாணவர்களுக்கான தாலசீமியாப் பரிசோதனை 2016-ஆம் ஆண்டில் பள்ளிகள் வழித் தொடங்கப்பட்டது.

நோய்க்குக் காரணமான பழுது கருவுற்ற நாள் முதலே இருக்க, அறிகுறி மட்டும் ஏன் காலந்தாழ்த்தி வருகின்றது? பெரியவர்களின் ஹீமோகுளோபின் இரண்டு ஆல்பாச் சங்கிலிகளாலும் இரண்டு பீட்டாச் சங்கிலிகளாலும் ஆனது. கருவிலிருக்கும் குழந்தையோ பீட்டாவுக்கு மாற்றாகக் காமா எனும் சங்கிலியைப் பயன்படுத்துகின்றது. காமாவைக் கொண்ட ஹீமோகுளோபின் உயிர்வளியை இறுகப் பற்றும் இயல்புடையது. ஆதலால் நச்சுக்கொடி வழியாகத் தாயின் குருதியிலிருந்து உயிர்வளியைப் பெற அது மிகவும் ஏற்றது. பிறப்பை ஒட்டிக் காமா உற்பத்தி படிப்படியாகக் குறைந்து, பீட்டா உற்பத்தி அதன் இடத்தைப் பிடிக்கின்றது. தாலசீமியாக் குழந்தையிலும் காமா உரிய காலத்தில் விடைபெறுகின்றது. ஆனால் அதன் இடத்திற்கு வரவேண்டிய பீட்டா வருவதில்லை.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காமாச் சங்கிலிக்குரிய மரபணு அக்குழந்தையின் உடலிலிருந்து நீங்கிவிடவில்லை. அதில் ஓர் எழுத்தும் அழியவில்லை. குருதியணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையில் அது வாழ்நாள் முழுவதும் பழுதின்றி இருக்கின்றது. இருந்தும் உடல் அதனைப் படிப்பதில்லை. நோயைத் தீர்க்கவல்ல மருந்து நோயாளியின் உள்ளேயே பூட்டிக் கிடக்கின்றது என்றே கூறலாம். அந்தப் பூட்டு எத்தகையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விடை பெரும்பாலும் டி.என்.ஏ. உயிரணுவினுள் பொதிந்து வைக்கப்பட்டுள்ள முறையில் அடங்கியுள்ளது.

படியெடுப்பு

ஏட்டுச் சுவடியிலுள்ள நூலை மற்றோர் ஏட்டில் பெயர்த்து எழுதுவதைப் படியெடுத்தல் என்பது தமிழ் வழக்கு. உயிரியலாரும் இச்சொல்லையே மேற்கொண்டுள்ளனர். டி.என்.ஏ.வில் நான்கு வேதியெழுத்துகளால் எழுதப்பட்டிருக்கும் ஒரு மரபணுவை ஆர்.என்.ஏ. எனும் மற்றொரு மூலக்கூறாகப் பெயர்த்து எழுதுவதே படியெடுப்பு. அப்பணியைச் செய்வது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் எனும் நொதி. அப்படி எடுத்த படி உட்கருவிலிருந்து வெளியேறிப் புரத உற்பத்திக்கு வழிகாட்டுகின்றது. மூலம் உட்கருவை விட்டு அகல்வதே இல்லை.

மனிதரிடம் புரதங்களுக்குரிய மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. கல்லீரல் உயிரணுவும் நரம்பணுவும் தோலணுவும் ஒரே தொகுப்பையே கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் அத்தொகுப்பில் எப்பகுதிகளைப் படியெடுக்கின்றது என்பதிலேயே வேறுபாடு அமைகின்றது. நரம்பணு ஹீமோகுளோபின் மரபணுவை வைத்திருக்கின்றது. ஆனால் குருதியணு அதைப் படியெடுப்பதுபோல் எடுப்பதில்லை.

சுவடி உவமையை இன்னும் சற்று நீட்டலாம். ஏடுகளில் துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்து இறுகக் கட்டுவர். கட்டை அவிழ்த்தால் அன்றிப் படியெடுக்க இயலாது. டி.என்.ஏ.வும் அவ்வாறே கட்டப்பட்டுள்ளது. ஆயினும் ஓரிடத்தில் உவமை பொருந்தாது போகின்றது. சுவடிக் கயிறு எல்லா ஏடுகளையும் ஒன்றுபோலவே கட்டும். ஏட்டில் இருப்பது இலக்கணமா மருத்துவமா என்பது கயிற்றுக்குத் தெரியாது. உயிரணுவின் கட்டோ பகுதிக்குப் பகுதி வேறுபடுகின்றது. திசுவுக்குத் திசு மாறுகின்றது. வயதுக்கு ஏற்பவும் மாறுகின்றது.

இரண்டு மீட்டர் நூல்

ஒரு மனித உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. ஏறத்தாழ 640 கோடி எழுத்து இணைகளைக் கொண்டது. ஓர் இணைக்கும் அடுத்த இணைக்கும் இடையே 0.34 நானோமீட்டர் தொலைவு. பெருக்கிப் பார்த்தால் நூலின் மொத்த நீளம் இரண்டு மீட்டரைத் தாண்டுகின்றது. அதனைத் தாங்கும் உட்கருவின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். ஆகவே டி.என்.ஏ. சுருட்டப்பட்டே ஆக வேண்டும். அப்படிச் சுருட்டப்பட்ட டி.என்.ஏ.வும் அதைச் சுருட்டும் புரதங்களும் சேர்ந்த தொகுதிக்குக் குரோமாட்டின் என்று பெயர்.

சுருட்டும் புரதங்களில் முதன்மையானவை ஹிஸ்டோன்கள். நான்கு வகை ஹிஸ்டோன்கள் வகைக்கு இரண்டாக எட்டுச் சேர்ந்து ஒரு சிறு வட்டு ஆகின்றன. அவ்வட்டின் மேல் 147 எழுத்து இணை நீளமுள்ள டி.என்.ஏ., ஏறத்தாழ ஒன்றே முக்கால் சுற்றாகச் சுற்றப்பட்டிருக்கும். இவ்வலகே நியூக்ளியோசோம். அடுத்து ஒரு சிறு இடைவெளி. பின் மீண்டும் ஒரு நியூக்ளியோசோம். நூலில் கோத்த மணிகள் போன்ற இத்தோற்றத்தை அடா ஓலின்சு, டொனால்டு ஓலின்சு இணையர் 1974-இல் மின்னணு நுண்ணோக்கி வழி வெளிப்படுத்தினர். மனித உயிரணு ஒன்றில் இத்தகைய மணிகள் ஏறத்தாழ மூன்று கோடி உள்ளன. ஹிஸ்டோன்களில் நேர்மின் ஏற்றமுடைய அமினோ அமிலங்கள் மிகுதி, டி.என்.ஏ.வின் முதுகெலும்போ எதிர்மின் ஏற்றமுடையது. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதற்கு இதுவே அடிப்படை.

மணிமாலை இதற்குமேல் எவ்வாறு மடிகின்றது என்பதில் பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெற்ற ஒரு படம் உண்டு. மாலை சீராகச் சுருண்டு 30 நானோமீட்டர் தடிமனுள்ள கயிறாகின்றது, கயிறு மீண்டும் சுருண்டு வடமாகின்றது என்பது அப்படம். பார்வைக்கு அழகியது. ஆயினும் 2017-இல் உயிரணுவினுள்ளேயே குரோமாட்டினை முப்பரிமாணத்தில் கண்ட ஆய்வு, 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறிக்கொண்டே செல்லும் ஒழுங்கற்ற சங்கிலிகளையே காட்டியது. இறுகிய பகுதிகளில் அவை நெருக்கமாகவும் தளர்ந்த பகுதிகளில் விலகியும் இருந்தன. பழைய படத்தை வகுப்பறையில் இன்னும் வரைந்து காட்டுவோர் இதனை மனத்தில் கொள்வது நன்று.

உறை எனக் கருதப்பட்ட காலம்

ஹிஸ்டோன்களை முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஆல்பிரெக்ட் கோசல். ஆண்டு 1884. அவர் கையாண்டது வாத்தினப் பறவையின் குருதி. மனிதர் முதலான பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுக்களில் உட்கரு இராது. பறவைகளின் சிவப்பணுக்களில் அது இறுதிவரை நிலைத்திருக்கும். குரோமாட்டின் ஆய்வின் பல திருப்பங்களில் பறவைக் குருதி மீண்டும் மீண்டும் இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

கோசலுக்குப் பின் ஏறக்குறைய நூறாண்டு காலம் ஹிஸ்டோன்களை வெறும் உறையாகக் கருதியவர்களே பெரும்பான்மையர். பொருளைக் கட்டிய சாக்கினை யார் ஆராய்வார்? ஹிஸ்டோன்கள் மரபணுக்களை அடக்கி வைக்கக்கூடும் என எட்கர் ஸ்டெட்மன், எல்லன் ஸ்டெட்மன் இணையர் 1950-இல் கருத்துரைத்தனர். அது உடனே வேரூன்றவில்லை. பட்டாணிச் செடியின் ஹிஸ்டோன் நான்கையும் பசுவின் ஹிஸ்டோன் நான்கையும் ஒப்பிட்ட ஆய்வு 1969-இல் வெளிவந்தது. 102 அமினோ அமிலங்களுள் இரண்டில் மட்டுமே வேறுபாடு காணப்பட்டது. செடியும் விலங்கும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலான பின்னரும் மாறாத ஒன்றினை வெறும் சாக்கு எனத் தள்ள முடியாது. ஒவ்வோர் இடமும் ஏதோ ஒரு பணியைச் செய்ய வேண்டும் என்பதே நாம் அதிலிருந்து கொள்ளத்தக்க பொருள்.

ரோஜர் கோர்ன்பெர்க் 1974-இல் நியூக்ளியோசோமின் அமைப்பை முன்மொழிந்தார். அதன் பின்னரே நேரடியான சோதனைகள் இயன்றன. 1987-இல் கோர்ன்பெர்க் குழுவினர் நடத்திய சோதனைக் குழாய் ஆய்வு எளிமையானது; அதன் முடிவோ தெளிவானது. மரபணுவின் தொடக்கப் பகுதி நியூக்ளியோசோமில் சுற்றப்பட்டிருந்தால் படியெடுப்பு தொடங்கவே இல்லை. முன்னதாகவே தொடங்கிவிட்ட பாலிமரேஸோ எதிர்ப்படும் ஹிஸ்டோன்களை விலக்கிக்கொண்டு முன்னேறியது. ஆகவே கட்டு தடுப்பது தொடக்கத்தையே என்பது புலனாயிற்று. மறு ஆண்டு மைக்கேல் கிரன்ஸ்டைனும் மின் ஹானும் உயிருள்ள ஈஸ்ட்டில் ஹிஸ்டோன் நான்கின் உற்பத்தியை நிறுத்திப் பார்த்தனர். நியூக்ளியோசோம்கள் குறைந்தன, அடங்கிக் கிடந்த மரபணு, தனக்குரிய தூண்டுதல் இன்றியே படியெடுக்கப்படத் தொடங்கியது. பூட்டை நீக்கினால் கதவு தானே திறக்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. மணியைக் கண்ட கோர்ன்பெர்க், பின்னர் 2006-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றது படியெடுக்கும் நொதியின் அமைப்பை வெளிப்படுத்தியதற்காக என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

கோழியின் குருதி

உயிரணுவினுள் எந்த மரபணு திறந்துள்ளது, எது மூடியுள்ளது என்பதைக் காண்பது எப்படி? 1976-இல் ஹரால்டு வைன்ட்ராப், மார்க் குரோடின் இருவரும் இதற்கொரு வழி கண்டனர். டி.என்.ஏ.வை வெட்டும் நொதியைச் சிறிதளவு உட்கருவினுள் செலுத்துவது. திறந்த பகுதி விரைவில் வெட்டுப்படும், மூடிய பகுதி தப்பும். அவர்கள் கோழியின் சிவப்பணுக்களை எடுத்துக்கொண்டனர். அவற்றில் ஹீமோகுளோபின் மரபணு எளிதில் வெட்டுப்பட்டது. முட்டையின் வெண்கருப் புரதத்திற்குரிய மரபணு அவ்வாறு வெட்டுப்படவில்லை. கோழியின் இணைப்புத்திசு உயிரணுக்களிலோ ஹீமோகுளோபின் மரபணுவும் தப்பியது. ஒரே பறவை, ஒரே மரபணு. ஒரு திசுவில் திறந்தும் மற்றொன்றில் மூடியும் இருந்தது. இச்சோதனையின் வழித்தோன்றல்களே இன்று மரபணுத் தொகுதி முழுவதிலும் திறந்த இடங்களைக் கணக்கெடுக்கும் முறைகள்.

கட்டை இறுக்குவதும் தளர்த்துவதும்

ஹிஸ்டோன் வட்டிலிருந்து சில இழைகள் வால்போல் வெளியே நீண்டிருக்கும். அவ்வால்களில் லைசின் எனும் அமினோ அமிலம் நேர்மின் ஏற்றத்தோடு டி.என்.ஏ.வை நாடி நிற்கின்றது. அதன்மேல் அசெட்டைல் எனும் சிறு வேதிக்குழு ஒட்டினால் அந்த ஏற்றம் நீங்கும், பிடி தளரும். அசெட்டைல் ஏற்றத்திற்கும் ஆர்.என்.ஏ. உற்பத்திக்கும் தொடர்பு இருக்கலாம் என வின்சென்ட் ஆல்ஃபிரே 1964-ஆம் ஆண்டிலேயே முன்மொழிந்தார். கருத்து இருந்தது, கருவி இல்லை. அசெட்டைலை ஒட்டும் நொதியை டேவிட் ஆலிஸ் குழுவினர் 1996-இல் குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா எனும் ஓருயிரணு உயிரியில் இனங்கண்டனர். ஈஸ்ட்டில் மரபணுக்களை இயக்கும் புரதமாக முன்பே அறியப்பட்டிருந்த ஒன்றோடு அந்நொதி ஒத்திருந்தது. அதே ஆண்டு ஸ்டூவர்ட் ஷ்ரைபர் குழுவினர் அசெட்டைலை நீக்கும் நொதியைக் கண்டனர். அதுவும் ஈஸ்ட்டில் மரபணுக்களை அடக்கும் புரதமாக அறியப்பட்டிருந்த ஒன்றன் உறவே. முப்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பு ஓராண்டில் முடிவுற்றது.

மெத்தில் எனும் குழுவும் ஹிஸ்டோன் வாலில் ஏறும். இது மின்னேற்றத்தை மாற்றாது. ஏறும் இடத்தைப் பொறுத்தே பொருள் தரும். மூன்றாம் ஹிஸ்டோனின் நான்காம் அமினோ அமிலத்தில் இருந்தால் அது பெரும்பாலும் இயங்கும் மரபணுவின் அடையாளம். ஒன்பதாவதிலோ இருபத்தேழாவதிலோ இருந்தால் அடக்கத்தின் அடையாளம். மெத்தில் குழு டி.என்.ஏ.வின் எழுத்தின் மேலும் நேரடியாக ஏறலாம். மரபணுவின் தொடக்கப் பகுதியில் அது மிகுந்தால் மரபணு பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். உயிரணு பிரியும்போது இக்குறியும் படிசெய்யப்பட்டு மகவு உயிரணுக்களுக்குச் செல்வதால், அடக்கம் நீண்ட காலம் நிலைக்கின்றது. இவையன்றி, உயிரணுவின் ஆற்றலைச் செலவிட்டு நியூக்ளியோசோம்களைத் தள்ளியும் பெயர்த்தும் வழிவிடும் பெரும் புரதத் தொகுதிகளும் உள்ளன. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தொகுதிகளுள் ஒரு வகைக்குரிய மரபணுக்கள் பழுதுற்றுள்ளன என 2013-இல் கணக்கிடப்பட்டது.

இவ்வேதிக்குறிகளைப் பற்றிப் பேசுவோர் சிலர், குறிகளே மரபணுக்களை ஆள்வதாகக் கூறுவர். நாம் அதனை அப்படியே ஏற்பதற்கில்லை. குறிகளுக்குத் தாமாக இடம் தெரியாது. டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட எழுத்துவரிசையை இனங்கண்டு அமரும் புரதங்களே நொதிகளை அவ்விடத்திற்கு அழைத்து வருகின்றன. சிவப்பணு மரபில் காட்டா ஒன்று எனும் புரதம் அத்தகையது. சில குறிகள் படியெடுப்புக்குக் காரணம் ஆகின்றன. வேறு சில படியெடுப்பின் விளைவாகவே தோன்றுகின்றன. எண்ணங்களை மாற்றினால் மரபணுவின் குறிகளும் மாறி, அவை பேரப்பிள்ளைகள் வரை செல்லும் என்னும் மேடைப் பேச்சுகளை நாமும் கேட்டிருக்கிறோம். டி.என்.ஏ.வின் மேலுள்ள மெத்தில் குறிகளில் பெரும்பாலானவை இனப்பெருக்க அணுக்கள் உருவாகும்போதும் கருவின் தொடக்க நாள்களிலும் துடைக்கப்படுகின்றன என்பதை அப்பேச்சாளர்கள் சொல்வதில்லை.

எழுத்துப் பிழையற்ற நோய்

இனி ஹீமோகுளோபினுக்குத் திரும்புவோம். பீட்டா வகை மரபணுக்கள் பதினோராம் குரோமோசோமில் ஒரே வரிசையாக அமைந்துள்ளன: எப்சிலான், இரண்டு காமாக்கள், டெல்ட்டா, பீட்டா. வியப்பிற்குரிய செய்தி, வாழ்வில் அவை இயங்கும் ஒழுங்கும் இதுவே. கருவின் முதல் வாரங்களில் எப்சிலான்; பின்னர்க் கருவின் கல்லீரலில் காமாக்கள்; பிறப்பை ஒட்டி எலும்பு மஜ்ஜையில் பீட்டா. டெல்ட்டா என்றும் சிறு பங்கினதே. இவ்வரிசையின் முன்னே, பல்லாயிரம் எழுத்துகள் தள்ளி, ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி உண்டு. அப்பகுதி எந்தப் புரதத்திற்கும் உரியதன்று. ஆனால் அஃதின்றி வரிசையில் எதுவும் செவ்வனே இயங்காது.

இதனை உணர்த்தியது டச்சுக் குடும்பம் ஒன்றில் காணப்பட்ட தாலசீமியா. ஃபிராங்க் குரோஸ்வெல்டு குழுவினர் 1983-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நோயுற்றவரின் ஒரு குரோமோசோமில் பீட்டா மரபணுவுக்கு முன்னுள்ள நெடும் பகுதி ஒன்று அழிந்துபோயிருந்தது. பீட்டா மரபணுவோ முழுமையாக இருந்தது. அதனைப் பிரித்தெடுத்து வேறு உயிரணுக்களில் இட்டபோது இயல்பாகவே இயங்கியது. எனினும் நோயாளியின் உடலில் அது ஊமையாகக் கிடந்தது. காரணம், அம்மரபணு இருந்த இடத்தின் குரோமாட்டின் மூடியிருந்தது, டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் ஏறியிருந்தது. சொல்லில் பிழையில்லை, சுவடி மட்டும் திறக்கவில்லை. எழுத்துப் பிழையின்றிக் கட்டின் பிழையாலேயே ஒருவர் நோயுறலாம் என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் சான்றினை நாம் அறியோம். அழிந்த நெடும் பகுதியில் இருந்ததுதான் மேற்சொன்ன கட்டுப்பாட்டுப் பகுதி என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. 1987-இல் அதே குழுவினர் அப்பகுதியை மனிதப் பீட்டா மரபணுவோடு சேர்த்து எலிகளில் புகுத்தினர். மரபணு குரோமோசோமில் எங்குப் போய் ஒட்டினாலும் முழு வீச்சில் இயங்கியது.

அவ்வளவு தொலைவிலிருந்து அது எப்படி ஆள்கின்றது? டி.என்.ஏ. வளைந்து, கட்டுப்பாட்டுப் பகுதி மரபணுவைத் தொட்டு நிற்கின்றது. எலியின் சிவப்பணு முன்னோடிகளில் இவ்வளையம் உண்டு, மூளையில் இல்லை என 2002-இல் மெய்ப்பிக்கப்பட்டது. ஆக, பொதியமைப்பு என்பது மணியைச் சுற்றிய இறுக்கம் மட்டுமன்று. எந்தப் பகுதி எதன் அருகில் வந்து நிற்கின்றது என்பதும் அதில் அடங்கும். இத்தகைய வளையங்களைத் தொகுதி முழுவதிலும் ஒருசேரக் காணும் முறையொன்றைச் சிங்கப்பூர் மரபணுத்தொகுதி நிலையத்தினர் 2009-இல் மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களில் செயற்படுத்திக் காட்டினர் என்பது இவ்வட்டார வாசகர் அறியத்தக்கது.

கட்டுப்பாட்டுப் பகுதி ஒரு காலத்தில் ஒரு மரபணுவையே முதன்மையாக நாடும். கருவில் காமாவை, பின்னர்ப் பீட்டாவை. ஜெரார்டு புளோபல் குழுவினர் 2014-இல் இந்நாட்டத்தைச் செயற்கையாகத் திருப்பினர். பெரியவர்களின் சிவப்பணு முன்னோடிகளில், கட்டுப்பாட்டுப் பகுதியைக் காமாவோடு வலிந்து பிணைக்கும் புரதம் ஒன்றைப் புகுத்தினர். காமா விழித்தெழுந்து, பீட்டாவை விஞ்சி நின்றது.

காமாவை எழுப்பும் முயற்சிகள்

காமாவை எழுப்ப வேண்டும் என்னும் எண்ணம் மிகப் பழையது. அரிவாள் வடிவச் சிவப்பணு நோயுள்ள கைக்குழந்தைகளின் குருதியில் அரிவாள் வடிவ மாற்றம் குறைவாகவே தோன்றுவதைக் கண்ட ஜேனட் வாட்சன் எனும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கருப்பருவ ஹீமோகுளோபினே அவர்களைக் காக்கின்றது என 1948-இல் கூறினார். சிலரிடம் பிறவியிலேயே காமா நிற்காமல் தொடர்வதும், அவர்களுள் தாலசீமியா உடையோர்க்கு நோய் தணிந்திருப்பதும் பின்னர் அறியப்பட்டன.

அடங்கிய காமாவின் டி.என்.ஏ.வில் மெத்தில் மிகுதி என்று அறிந்ததும், மெத்திலைக் குறைக்கும் அசாசைட்டிடின் எனும் மருந்தினை முதலில் பபூன் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். காமா உயர்ந்தது. 1982-இல் பீட்டா தாலசீமியா நோயாளி ஒருவருக்கும் அம்மருந்து கொடுக்கப்பட்டு, காமா உற்பத்தி கூடியது பதிவாயிற்று. பொதியைத் தளர்த்தும் நோக்கோடு மனிதருக்குக் கொடுக்கப்பட்ட தொடக்ககால மருந்துகளுள் அதுவும் ஒன்று எனலாம். ஆயினும் அது வளரும் உயிரணுக்களைக் கொல்லும் நச்சுமருந்தும் ஆகும். காமா எழுந்தது மெத்தில் நீங்கியதாலா, மஜ்ஜை தாக்குண்டு மீளும் பதற்றத்தாலா என்று அறிஞர்கள் வாதிட்டனர். அவ்வாதமே மெத்திலைத் தொடாத மற்றொரு மருந்தாகிய ஹைட்ராக்சியூரியாவைச் சோதிக்கத் தூண்டியது. அது 1998-இல் அமெரிக்காவில் அரிவாள் வடிவச் சிவப்பணு நோய்க்கு ஏற்கப்பட்டது. ஒரு கருதுகோளின் மீதான ஐயம் மற்றொரு மருந்தைத் தந்தது.

நீரிழிவுள்ள தாய்மாரின் குழந்தைகளிடம் காமாவிலிருந்து பீட்டாவுக்கு மாறுவது தாமதிப்பதை சூசன் பெரின் 1985-இல் கண்டார். அத்தாய்மாரின் குருதியில் மிகுந்திருந்த ஒரு சேர்மத்தைத் தொடர்ந்து சென்ற வழி, பியூட்டிரேட் எனும் எளிய அமில உப்பில் முடிந்தது. அது அசெட்டைல் நீக்கும் நொதிகளைத் தடுப்பது. 1993-இல் அதனைச் சிரை வழிச் செலுத்திக் காமா உயரக் கண்டனர். விளைவு எல்லாரிடமும் நிலைக்கவில்லை. இத்தகைய மருந்துகளின் பொதுக்குறை ஒன்றே: அவை ஒரு கட்டை மட்டும் அவிழ்ப்பதில்லை, உடலெங்கும் உள்ள கட்டுகளை எல்லாம் தொட்டுப் பார்க்கின்றன.

குறிப்பிட்ட கட்டைப் போடுவது யார் என்பது 2008-இல் தெரியவந்தது. கருப்பருவ ஹீமோகுளோபின் சற்று மிகுந்துள்ள மக்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது பி.சி.எல்.11.ஏ. எனும் புரதத்தின் மரபணு முன்னே வந்து நின்றது. அப்புரதமே காமாவை அடக்குகின்றது என ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் காட்டினர். காமா மரபணுவின் தொடக்கத்திற்குச் சற்று முன்னே அது அமர்கின்றது என 2018-இல் உறுதியாயிற்று. அது தனியே அமர்வதில்லை. அசெட்டைலை நீக்குவதும் நியூக்ளியோசோமை நகர்த்துவதுமாகிய இரு தொழிலும் வல்ல ஒரு புரதத் தொகுதியை உடன் அழைத்து வருகின்றது. காமாவின் பூட்டை முற்றாக அமைப்பவை அவையே என்று சொல்லாவிடினும், பெரும்பங்கு அவற்றுடையதே.

பி.சி.எல்.11.ஏ.வை முற்றிலும் நீக்க இயலாது. மூளை வளர்ச்சிக்கும் நோயெதிர்ப்பு அணுக்களுக்கும் அது தேவை. சிவப்பணு மரபில் மட்டும் அதை இயக்கும் ஊக்கப் பகுதி ஒன்று அம்மரபணுவினுள்ளேயே இருப்பது 2013-இல் கண்டறியப்பட்டமை வழி திறந்தது. நோயாளியின் குருதிக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் முறையில் அவ்வூக்கப் பகுதியை வெட்டிச் சிதைத்து, மீண்டும் உடலில் செலுத்துவதே இம்மருத்துவம். ஹீமோகுளோபின் மரபணு எதையும் அது தொடுவதில்லை. கட்டுபவரை மட்டும் அவ்விடத்திலிருந்து விலக்குகின்றது. 2023 நவம்பரில் பிரிட்டனும், அரிவாள் வடிவச் சிவப்பணு நோய்க்கு 2023 டிசம்பரிலும் தாலசீமியாவுக்கு 2024 ஜனவரியிலும் அமெரிக்காவும் இதனை ஏற்றன. 2024-இல் வெளியான முடிவுகளின்படி, மதிப்பிடத்தக்க தாலசீமியா நோயாளிகள் 35 பேருள் 32 பேர் ஓராண்டுக்குக் குறையாமல் குருதியேற்றமின்றி வாழ்ந்தனர்.

இதன் மறுபக்கமும் சொல்லத்தக்கதே. பழைய மஜ்ஜையை அகற்றக் கடுமையான வேதிமருந்து கொடுக்க வேண்டும். அது மலட்டுத்தன்மைக்கும் வழிவகுக்கலாம். அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை நோயாளி ஒருவருக்கு 22 இலட்சம் டாலர். தாலசீமியா மிகுந்துள்ள தென்கிழக்காசியாவிலும் தென்னாசியாவிலும் இவ்விலையைத் தாங்கும் குடும்பங்கள் எத்தனை? இந்நாடுகளுக்கு ஒத்துவரக்கூடியது வாய்வழி உண்ணும் மாத்திரையே என்பது எம் கருத்து. அத்திசையில் 2024-இல் ஒரு செய்தி வந்துள்ளது. விஸ் எனப்படும் புரதம், ஹிஸ்டோன் மூன்றின் ஒன்பதாம் இடத்தில் மெத்திலை ஏற்றும் நொதிகளைக் காமாவின் அடக்கத்திற்குத் துணையாக நிறுத்துவது தெரியவந்தது. அப்புரதத்தை உயிரணுவே சிதைத்துவிடுமாறு செய்யும் ஒரு சிறு மூலக்கூறு உருவாக்கப்பட்டது. மனிதக் குருதியணுக்களைத் தாங்கிய எலிகளிலும், நம் குடியிருப்புகளின் ஓரத்தில் நாள்தோறும் காணும் நெடுவால் குரங்கினத்திலும் அது சோதிக்கப்பட்டது. இரண்டிலும் கருப்பருவ ஹீமோகுளோபின் உயர்ந்தது.